சிறார் பெயரில் இடும் பணம்: அதன் வரலாறும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்

நமது சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் குழந்தை பிறந்தவுடன் அதன் பெயரால் ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நெடுங்காலமாக நடந்துவரும் நல்வழக்கமாகும். பாட்டனார் கையில் வைத்த காசும், காதுகுத்துக் கலியாணத்தில் வந்த மொய்ப்பணமும், தாய்மாமன் செய்த சீரில் மிஞ்சியதும் குழந்தையினுடையவை என்றே கருதி வருகிறோம். இவ்வழக்கத்தைக் குறைகூறுவார் ஒருவருமிலர். ஆயின் அப்பணத்தை எவ்விடத்தில், எம்முறையில் இடுவது என்னும் விஷயத்தில், நம்மவருட் பலர் "வட்டி எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு திருப்தியடைந்து விடுகின்றனர். அஃது எத்துணைப் பெரிய பிழை என்பதை நாம் நேரிற் கண்டோம். அதனாலேயே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

சில வருஷங்களுக்கு முன்னர் ஓர் அம்மையார் தம் மகளுக்குக் கல்வியுதவி வேண்டி நமது சங்கத்திற்கு விண்ணப்பஞ் செய்துகொண்டார். அவருடைய கணவர் காலஞ்சென்றவர். அவர் உயிரோடிருந்தபொழுது, மகளின் படிப்புக்கென்று பதினோரு வருஷம் மாதந் தவறாமற் பணம் கட்டிவந்தார். கட்டிய இடம் உறவினர் ஒருவர் நடத்திவந்த நிதி. பாங்கிகளிற் கிடைப்பதினும் அங்கே வட்டி அதிகம். ரசீதுகளோ யாவும் தகப்பனார் பெயரில் இருந்தன. அவர் மறைந்தவுடன் கடன் கொடுத்தவர்கள் அப்பணத்தின்மேல் உரிமை கூறி வந்தனர். வழக்கு முடிவதற்குள் நிதியும் கதவடைத்தது. கல்லூரியில் இடங் கிடைத்த வாரத்தில் அப்பெண்ணின் கையில் இருந்தது ரசீதுக் கட்டு ஒன்றே. "பணம் என் பெயரில் இருக்கிறதென்றுதானே அப்பா சொல்லுவார்?" என்று அவள் நம்மைக் கேட்டாள். அக்கேள்விக்கு அன்று நாம் விடை கூறவில்லை. இன்று கூற முயல்கிறோம்.

பிள்ளைகளின் பணத்தைக் குறித்துக் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. ஒன்று, பெயர் யாருடையது? இரண்டு, எடுக்கும் கை யாருடையது? மூன்று, பணம் இடிந்தால் பொறுப்பு யாருடையது? நான்கு, அது கைக்கு வரும் காலமும் நமக்கு வேண்டிய காலமும் ஒன்றா? வட்டி விகிதம் இவற்றுக்குப் பின்னரே வரவேண்டும். இந்நான்கும் நாம் புதிதாகக் கற்பித்தவை அல்ல. இந்நாட்டில் ஏறக்குறைய இருநூறு வருஷங்களாக ஜனங்கள் பட்ட அனுபவத்தால் எழுந்தவை. அவ்வரலாற்றை முறையே கூறுவாம்.

முதலாவது பெயரைப் பற்றியது. மகன் பெயரில் வாங்கினால் அது மகனுடையதாகிவிடும் என்று எண்ணுவோர் பலர். இங்கிலாந்து தேசத்துச் சட்டத்தில் தந்தை மகன் பெயரில் ஒரு சொத்தை வாங்கினால், அதை மகனுக்கே கொடுக்கக் கருதினார் என்று ஊகிப்பது வழக்கம். இந்தியாவில் அவ்வாறன்று. ஒரு ஹிந்துத் தகப்பனார் தம் மகன் பெயரில் வாங்கிய சொத்தைப் பற்றிய வங்காளத்து வழக்கொன்றில், பெயர் மட்டும் இருப்பதனால் அது மகனுக்குத் தந்த கொடையாகாது, பணம் யாருடையதென்றே பார்க்கவேண்டும் என்று லண்டன் பிரிவி கவுன்ஸில் 1854-ம் வருஷத்தில் தீர்ப்புக் கூறிற்று. பினாமி என்னும் வழக்கம் இந்நாட்டில் எங்கும் பரவியிருந்தமையே அதற்குக் காரணம். பெயரளவில் உள்ள பெயர் வேறு, உரிமையோடு கூடிய பெயர் வேறு என்னும் பாடத்தை நம் முன்னோர் அக்காலத்திலேயே கற்க வேண்டியவராயினர்.

இனிச் சேமிப்புப் பாங்கிகளின் வரவைப் பார்ப்போம். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று ராஜதானி நகரங்களிலும் 1833 முதல் 1835 வரையுள்ள காலத்தில் சர்க்கார் சேமிப்புப் பாங்கிகள் ஏற்பட்டன. 1873-ம் வருஷத்தில் சர்க்கார் சேமிப்புப் பாங்கிச் சட்டம் பிறந்தது. 1882-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி முதல் தபாலாபீஸ் சேமிப்புப் பாங்கி நாட்டின் பெரும்பகுதியில் நடைபெறலாயிற்று. பட்டணத்துப் பணக்காரருக்கு இருந்த வசதி கிராமத்துக் குடியானவனுக்கும் கிடைத்தது இதன் பின்னரே.

அந்த 1873-ம் வருஷச் சட்டத்தில் நாம் ஊன்றி நோக்கத்தக்க விதி ஒன்றுண்டு. மைனர் ஒருவர் தாமே இட்ட பணத்தை அவரிடமே நேரிற் கொடுக்கலாம். அவருக்காகப் பிறர் இட்ட பணமாயின், மைனரின் உபயோகத்திற்காக அவருடைய கார்டியனிடம் கொடுக்கலாம் என்பது அவ்விதி. "மைனரின் உபயோகத்திற்காக" என்ற சொற்றொடரின் பொருளை நாம் நன்குணர வேண்டும். கார்டியன் கையில் வருவது கார்டியனுடைய பணமன்று. அவர் வெறும் கைமாற்றுபவரே. சிறுவர் கணக்கைத் தேர்ந்தெடுப்பதன் கருப்பொருள் முழுதும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் பிள்ளையின் பெயர் முதலில் எழுதப்பட்டு, தந்தையோ தாயோ கார்டியன் என்று குறிக்கப்பட்டிருப்பின் அது பிள்ளையின் கணக்கு. தந்தை தம் பெயரில் வைத்துக்கொண்டு, வாரிசுதாரர் என்ற இடத்தில் மட்டும் பிள்ளையின் பெயரை எழுதியிருப்பின், அது தந்தையின் கணக்கே. நம்மவர் இவ்விரண்டையும் அடிக்கடி ஒன்றாகக் கருதி மயங்குகின்றனர்.

நிற்க. பொறுப்பு யாருடையது என்னும் கேள்விக்கு விடை தந்தது 1906-ம் வருஷம். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற ஆங்கில வியாபார ஸ்தாபனம் ஒன்று மிகப் பெரும் புகழோடு விளங்கிற்று. உத்தியோகஸ்தரும், மிராசுதாரரும், வக்கீல்களும் அதில் தங்கள் பணத்தை நம்பிக்கையோடு இட்டுவந்தனர். அவ்வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி அது பணங் கொடுப்பதை நிறுத்திக் கதவடைத்தது. அதன் தலைவரான ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 1907-ம் வருஷத்தில் 18 மாதக் கடுங்காவல் தண்டனை அடைந்தார். தண்டனையால் போன பணம் திரும்புமோ? அங்கு இட்டிருந்த தொகைகளுள் பெண்ணின் கலியாணத்திற்கும் பையனின் படிப்பிற்கும் என்று வைத்தவை எத்தனை இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே உள்ளம் நடுங்குகிறது. அந்த வீழ்ச்சியின் பயனாகவே, வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானோர் முயற்சியால், நம்மவர் பணத்தை நம்மவரே காப்பதற்கென்று 1907-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி இந்தியன் பாங்கி தொடங்கப்பெற்றது.

அத்துடன் துன்பம் ஓய்ந்ததா எனில், இல்லை. 1938-ம் வருஷத்தில் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி வீழ்ந்தது; தமிழ்நாட்டிலும் மலையாள நாட்டிலும் பல குடும்பங்கள் கலங்கின. 1960-ம் வருஷத்தில் பாலை சென்ட்ரல் பாங்கி வீழ்ந்தது. இப்பாலை பாங்கியின் வீழ்ச்சியே சர்க்காரின் கண்ணைத் திறந்தது எனலாம். 1962-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி முதல் பாங்கி டிபாஸிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. ஆரம்பத்தில் ஒருவருக்கு ஒரு பாங்கியில் 1,500 ரூபாய் வரையில்தான் அக்காப்பு இருந்தது. 1993-ம் வருஷத்தில் அஃது 1 லக்ஷமாகவும், 2020-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் 5 லக்ஷமாகவும் உயர்ந்தது.

இதிற் பெற்றோர் அறியத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தந்தை தம் சொந்த உரிமையில் இட்டதும், மைனர் பிள்ளைக்குக் கார்டியன் என்ற முறையில் இட்டதும் ஒரே பாங்கியில் இருந்தாலும் வெவ்வேறு உரிமைகளாகக் கருதப்பட்டு, தனித்தனியே அக்காப்பைப் பெறும். தம் பெயரிலேயே அனைத்தையும் குவித்து வைப்பவர் இந்நன்மையை இழக்கிறார். இன்னொன்று: இவ்வின்ஷூரன்ஸ் பாங்கிகளுக்கே உரியது. சீட்டுக் கம்பெனிக்கும், வட்டிக் கடைக்கும், உறவினர் நடத்தும் நிதிக்கும் இல்லை. தபாலாபீஸ் பணத்திற்கோ மத்திய சர்க்காரே பொறுப்பு. அதிக வட்டி தருகிறோம் என்று அழைப்பவரிடம், "நீங்கள் இடிந்தால் எங்களுக்குப் பொறுப்பாளி யார்?" என்று ஒரு வார்த்தை கேட்பது மரியாதைக் குறைவன்று. உறவினர் என்பதற்காக அக்கேள்வியை விழுங்கிவிடுதலே பிள்ளைக்கு நாம் செய்யும் துரோகமாகும்.

கடன்காரரிடமிருந்து பிள்ளைகளின் பணத்தைக் காக்கும் வழி நம் முன்னோருக்குத் தெரியாதிருந்ததா? தெரிந்தே இருந்தது, அதுவும் நமது சென்னை ராஜதானியிற்றான் முதலில் நிலைபெற்றது. 1874-ம் வருஷத்து விவாகமான ஸ்திரீகள் சொத்துச் சட்டத்தின் 6-வது பிரிவு, ஒரு புருஷர் தம் ஆயுளை இன்ஷூர் செய்து, அந்தப் பாலிஸியிலேயே அது தம் மனைவி மக்களின் நன்மைக்காக என்று குறித்திருப்பாராயின், அத்தொகை அவர்களுக்குரிய டிரஸ்டு ஆகுமென்றும், அவருடைய கடன்காரர் அதில் தலையிட இயலாதென்றும் கூறுகிறது. இது ஹிந்துக்களுக்கும் பொருந்துமா என்ற ஐயம் இருந்தது. பொருந்தும் என்று சென்னை ஹைகோர்ட்டின் முழு பெஞ்சு 1913-ம் வருஷத்தில் முடிவு கூறிற்று. பின்னர் 1923-ம் வருஷத்தில் சட்டமே திருத்தப்பட்டபொழுது, சென்னையில் 1913-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதிக்குப் பின்னும், ஏனைய இடங்களில் 1923-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதிக்குப் பின்னும் எடுத்த பாலிஸிகளுக்கு அது செல்லும் என்று எழுதப்பட்டது. பாலிஸி எடுக்கும் சமயத்திலேயே, கடன்காரரை ஏமாற்றும் எண்ணமின்றி, இதனைக் குறிக்க வேண்டும். அவ்வளவே. நாம் முன்னர்க் கூறிய அம்மையாரின் கணவர், கட்டிய பணத்தில் ஒரு சிறு பகுதியை இவ்வழியில் இட்டிருப்பினும், மகளின் பங்கை எவரும் தொட்டிருக்க முடியாது.

இனி, எடுக்கும் கை யாருடையது என்பது. 1956-ம் வருஷத்து ஹிந்து மைனர், கார்டியன் சட்டம், மைனருக்கு இயற்கைக் கார்டியன் தந்தை, "அவருக்குப் பின்" தாய் என்று கூறிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயினிடம் இருக்க வேண்டுமென்று கூறினும், பணவிஷயத்தில் தாயின் கையெழுத்து செல்லாதென்றே பலவிடங்களிலும் கருதினர். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ம் வருஷத்தில் தம் மைனர் மகன் பெயரில் ரிசர்வ் பாங்கியின் 9 சதவீத ரிலீப் பாண்டுகள் வாங்க விண்ணப்பித்தார். கார்டியன் என்று தாமே கையொப்பமிட்டார். தந்தையின் கையொப்பத்தோடு வருக என்று விண்ணப்பம் திருப்பியனுப்பப்பட்டது. தகப்பனாரும் அவர் கையொப்பமிடுவதற்குச் சம்மதித்தே இருந்தார். அவ்வழக்கில் 1999-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, "அவருக்குப் பின்" என்பதற்கு "அவர் இறந்த பின்" என்று மட்டும் பொருளன்று, "அவர் இல்லாத இடத்தில்" என்பது பொருள் என விளக்கிற்று. தந்தை அக்கறை காட்டாதவிடத்தும், இருவரும் ஒத்து அப்பொறுப்பைத் தாயிடம் விட்டவிடத்தும் தாய் கார்டியனாக நிற்கலாம் என்பது அதனாற் பெறப்பட்டது.

பிள்ளையின் பணத்தைப் பற்றிய ஒரு சிறு விண்ணப்பம், பெண்மக்களின் உரிமையைப் பற்றிய பெருந்தீர்ப்பாக முடிந்தமை கவனிக்கத்தக்கது. நம் வீடுகளில் பாஸ்புத்தகம் எந்தப் பீரோவில் இருக்கிறதென்பதுகூடத் தாய்மார் அறியாத நிலை இன்னும் ஆங்காங்கே உண்டு. கணக்குத் தொடங்கும் நாளிலேயே தாயையும் உடனழைத்துச் செல்லுதல் நலம்.

இக்காலத்தில் உள்ள ஏற்பாடுகளைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1968-ம் வருஷத்தில் பொது வைப்பு நிதி என்னும் பி.பி.எப். ஏற்பட்டது. அதன் காலம் 15 வருஷம். கார்டியன் மைனருக்காகவும் தொடங்கலாம். அதன் வட்டியின் வரலாறே ஒரு பாடம். ஆரம்பத்தில் நூற்றுக்கு 4.8 ஆக இருந்தது, 1986 முதல் 2000-ம் வருஷத் தொடக்கம் வரை 12 ஆக நின்று, பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து, 2020-ம் வருஷம் ஏப்ரலில் 7.1 ஆயிற்று. 2015-ம் வருஷத்தில் தமிழ்நாட்டுத் தபால் இலாகா ஆண் குழந்தைகளுக்கென்று "பொன்மகன்" என்ற பெயரால் வெளியிட்டதும் இந்த நிதியையே. பெயர் புதிது, சரக்கு பழையது. இது பழிப்பன்று, பெயரைக் கண்டு மயங்காமைக்குக் கூறியது.

பெண் குழந்தைகளுக்குரிய ஸுகன்யா ஸம்ருத்தி என்னும் திட்டம் 2015-ம் வருஷம் ஜனவரி மாதம் 22-ந் தேதி பானிபட்டில் தொடங்கப்பெற்றது. நம் நாட்டுத் தபாலாபீஸ்களில் இதனைச் செல்வமகள் சேமிப்பு என்பர். பத்து வயது நிரம்பாத பெண்ணுக்கு இதனைத் தொடங்கலாம். 15 வருஷம் பணங் கட்டவேண்டும். தொடங்கிய நாளிலிருந்து 21 வருஷத்தில் முதிரும். பெண்ணுக்கு 18 வயதானவுடன், அல்லது அவள் பத்தாம் வகுப்புத் தேறியவுடன், மேற்படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம். 18 வயதுக்குப்பின் கணக்கு அவள் கைக்கே வருகிறது. பெயர், கை, பொறுப்பு ஆகிய மூன்று கேள்விகளுக்கும் இது நல்விடை தருகிறது. வட்டி மாத்திரம் ஆரம்பத்தில் 9.1 ஆக இருந்தது, 2020-ல் 7.6 ஆகி, 2024-ம் வருஷம் ஜனவரியில் 8.2 ஆயிற்று. இத்தகைய ஏற்றத்தாழ்வு இனியும் இருக்கும். தொடங்கும் நாளில் உள்ள வட்டியே முடியும்வரை நிற்குமென்று எண்ணலாகாது.

இங்கே நான்காவது கேள்வி எழுகிறது. பணம் நமக்கு வேண்டிய காலத்தில் வருமா? எட்டு வயதுப் பெண்ணுக்குச் செல்வமகள் கணக்குத் தொடங்கினால், அது முழுதும் முதிரும்பொழுது அவளுக்கு வயது 29. படிப்பு அதற்கு முன்னரே முடிந்திருக்கும். இடையில் எடுக்கத்தக்க பாதியே படிப்புக்குதவும். குழந்தை பிறந்த வருஷத்திலேயே தொடங்கினால் 21 வயதில் முதிரும். 2024-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 18-ந் தேதி தொடங்கிய என்.பி.எஸ். வாத்ஸல்யா என்னும் ஏற்பாடோ பென்ஷன் வகையைச் சேர்ந்தது. பிள்ளையின் முதுமைக்குப் பயன்படுவது அதன் நோக்கம். அதனைக் கல்லூரிச் சம்பளத்திற்கென்று எண்ணி இடுபவர் ஏமாற்றமடைவர்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. பத்திரமான இடத்தில் உள்ள பணத்தையும் விலைவாசி தின்றுவிடும். ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் விலை ஏறினால், இன்று ஒரு லக்ஷம் ஆகும் படிப்புக்குப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு லக்ஷம் ஆகும். ஆதலின் நீண்ட காலம் உள்ள சிறு குழந்தைக்கு, ஒரு பகுதியைப் பங்குகளில் இடும் பரஸ்பர நிதிகளில் வைப்பதைத் தவறென்று நாம் கூறோம். ஆனால் அங்கும் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. 1964-ம் வருஷத்தில் யூனிட் டிரஸ்ட் வெளியிட்ட யு.எஸ். 64 என்னும் திட்டத்தைச் சர்க்கார் வைத்த சேமிப்புப் பாங்கி போலவே ஜனங்கள் கருதினர். அதே ஸ்தாபனம் 1986-ல் குழந்தைகளுக்கான பரிசுத் திட்டம் ஒன்றையும் நடத்திற்று. 2001-ம் வருஷம் ஜூலையில் யு.எஸ். 64 யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதை ஆறுமாத காலம் நிறுத்தி வைத்தபொழுதுதான், பங்குகளில் இட்ட பணம் பங்குகளோடு ஏறி இறங்குவது என்ற உண்மை பலருக்குத் தெரிந்தது. அங்கும் பெயர், கை என்னும் கேள்விகளை மறக்கலாகாது. மைனர் பெயரில் உள்ள யூனிட்டுகளை விற்கும்பொழுது, பணம் யாருடைய கணக்கிலிருந்து வந்திருந்தாலும், திரும்பும் தொகை மைனரின் பாங்கிக் கணக்கிற்கே செல்லவேண்டும் என்று செபி 2023-ம் வருஷத்தில் தெளிவாக்கியது. 1873-ம் வருஷத்து விதியின் கருத்தே நூற்றைம்பது வருஷத்திற்குப்பின் வேறுருவில் வந்திருக்கிறது.

ஆகவே நம் சங்கத்துப் பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. ஐந்து வருஷத்திற்குள் வேண்டிய பணத்தைப் பாங்கியிலோ தபாலாபீஸிலோ பிள்ளையின் பெயரில், கார்டியன் குறிப்போடு வையுங்கள். நீண்ட காலத்திற்குரியதிற் பெரும்பகுதியைச் சர்க்கார் பொறுப்புள்ள திட்டத்தில் இடுங்கள். இறக்கத்தையும் பொறுத்துக் காத்திருக்க இயலுமாயின் மட்டும் ஒரு பகுதியைப் பங்குகளில் இடுங்கள். குடும்பத் தலைவரின் ஆயுள் பாலிஸியை மனைவி மக்களின் நன்மைக்கென்று சட்டப்படி குறியுங்கள். கணக்கு விவரங்களை ஒரு தாளில் எழுதித் தாயாரிடமும், வயதுவந்த பிள்ளையிடமும் கொடுங்கள். பத்து வயது நிரம்பிய சிறார் தாமே சேமிப்புக் கணக்கை நடத்த ரிசர்வ் பாங்கி 2014-ம் வருஷத்தில் வழி வகுத்தது. பாங்கியின் விதிகளை விசாரித்துப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அப்பெண்ணுக்குச் சங்கம் அளித்த தொகை முதல் வருஷச் சம்பளத்திற்குப் போதியதாயிற்று. மற்றைய வருஷங்களுக்குத் தாயார் தம் நகைகளை விற்றார். அவள் படித்துத் தேறிவிட்டாள். ஆயினும் அவள் தந்தையார் பதினோரு வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அவளுக்கு உதவவில்லை. அவரிடம் அன்பிற் குறைவில்லை, உழைப்பிற் குறைவில்லை. நான்கு கேள்விகளே குறைவு. இவ்விதழைப் படித்து முடித்தவுடன் அன்பர்கள் தங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து, பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் ஒவ்வொரு ரசீதிலும் யார் பெயர் இருக்கிறதென்று இன்றே பார்ப்பார்களாக.